ஒரே தட்டு, ஒரே லேசர், வேறு விலை: சிடி டிரைவை எடைபோடுவதில் நேரும் தவறுகள்

1980களின் இறுதியில் நிரல்களும் தரவும் பதிந்த சிடி-ராம் தட்டைக் கணினிக்குப் படித்துத் தரும் டிரைவின் விலை, பாட்டுக் கேட்கும் சாதாரண சிடி பிளேயரைவிட மிக அதிகம். இரண்டும் படிப்பது 12 செ.மீ. விட்டமுள்ள அதே தட்டைத்தான். பிளேயருக்காவது திரையும் ரிமோட்டும் உண்டு. டிரைவ் வெறும் உலோகப் பெட்டி. ஆகவே கணினி என்ற பெயருக்காகவே கூடுதல் பணம் பறிக்கிறார்கள் என்று பலர் முடிவு கட்டினார்கள். பெட்டிக்குள் நடக்கும் வேலையைப் பார்க்காமல் சொன்ன தீர்ப்பு அது.

டிஜிட்டல் என்றாலே ஒவ்வொரு பிட்டும் பிசகாமல் வந்து சேரும் என்று நம்புவது இதைவிடப் பெரிய தவறு. கீறலும் தூசும் எந்தத் தட்டையும் விடுவதில்லை. பிழை திருத்தும் முறை இரு கருவிகளிலும் உண்டு. பிளேயரில் அது இல்லை என்று நினைப்பதும் தவறுதான். திருத்த முடியாத பிழை வரும்போதுதான் வழிகள் பிரிகின்றன. பிளேயர் முன்னும் பின்னும் உள்ள ஒலி மதிப்புகளைக் கொண்டு நடுவில் விட்டுப்போனதை ஊகித்து நிரப்பிவிடும். காதுக்கு அது தெரியாது. நிரலிலோ கணக்கேட்டிலோ அப்படி ஊகிக்க முடியுமா? ஒரு பிட் மாறினாலும் நிரல் செயலிழக்கலாம், தொகை தப்பலாம்.

அதற்காகவே சிடி-ராம் இன்னோர் அடுக்குப் பாதுகாப்பைச் சேர்த்தது. ஒலித்தட்டில் ஒரு நொடிக்கு 75 பகுதிகள். ஒவ்வொன்றிலும் 2,352 பைட்டுகள், அத்தனையும் ஒலி. வழக்கமான சிடி-ராமில் அதே இடத்தில் பயனருக்குக் கிடைப்பது 2,048 பைட்டுகள். மீதியில் 276 பைட்டுகள் கூடுதல் பிழைதிருத்தத்துக்கு. முகவரிக்கும் சரிபார்ப்புக்கும் கொஞ்சம் போகிறது. இந்தக் கணக்கை விடாமல் போட டிரைவுக்குத் தனிச் சில்லுகள் வேண்டும். தரவைத் தேக்கிவைக்க நினைவகமும், கணினியோடு பேச ஸ்கஸி போன்ற இணைப்புச் சுற்றும் வேண்டும். அன்று இவை எதுவும் மலிவில்லை.

தேடும் வேகத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதும் உண்டு. அடுத்த பாட்டுக்குத் தாவ ஒரு நொடி ஆனால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள். கணினியோ இங்கொரு துண்டு, அங்கொரு துண்டு என்று ஓயாமல் கேட்கும். லேசர் தலையும் மோட்டாரும் ஒவ்வொரு முறையும் சரியான முகவரியில் போய் நிற்க வேண்டும். மல்டிமீடியா கணினிக்கான தர வரையறைகளில் முதலாவது, சராசரித் தேடல் ஒரு நொடிக்குள் முடிந்தால் போதும் என்றது. 1993இல் வந்த இரண்டாவது வரையறை அதை 400 மில்லிநொடியாக இறுக்கியது. உறுதியான இயங்குபாகங்கள் இல்லாமல் இது நடக்காது.

எண்ணிக்கையை மறப்பதும் சரியல்ல. பிளேயர்கள் 1982 முதல் விற்பனைக்கு வந்து இலட்சக்கணக்கில் உற்பத்தியாயின. டிரைவ் வாங்கியவர்கள் தொடக்கத்தில் சிலரே. வடிவமைப்புச் செலவு முழுவதும் அவர்கள் தலையில் விழுந்தது.

அந்தப் பழைய விலை வித்தியாசத்தை என்றைக்குமான விதியாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. 1990களின் பிற்பகுதியில் ஏறக்குறைய ஒவ்வொரு புதுக் கணினியிலும் டிரைவ் இடம்பிடித்தது. பல சில்லுகளின் வேலை ஓரிரு சில்லுகளுக்குள் அடங்கியது, விலை சரிந்தது. நல்ல பிளேயர் ஒன்றின் விலையைவிடக் குறைவாகவே டிரைவ் கிடைத்தது.