ஓட்டிசம் உள்ள பிள்ளைகளோடு: நல்ல மனதோடு செய்யும் தவறுகள்

ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு நான் படிப்பிக்கும் வகுப்புக்குப் போன கிழமை ஒரு புதிய ரீச்சர் வந்தார். பொறுமைசாலி. ஒரு சின்னப் பெண் அவரிடம் போய், "தண்ணி வேணுமா?" என்று கேட்டாள். "எனக்கு வேணாம்மா" என்றார். மறுபடியும் "தண்ணி வேணுமா?" மூன்றாம் தடவை, "கிளிப்பிள்ளை மாதிரிச் சொன்னதையே சொல்லக் கூடாது" என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். தாகத்தோடு நின்ற பிள்ளை அழத் தொடங்கியது. நான் எழுந்துபோய்ப் போத்தலைக் கொடுத்தேன். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தொடக்கத்தில் நானும் இதைத்தான் செய்தேன், இதைவிட மோசமாக.

அடிக்காதீர்கள், வீட்டுக்குள் பூட்டாதீர்கள் என்றெல்லாம் எழுதப்போவதில்லை. அது தெரியாதவர்கள் இதை வாசிக்கப்போவதுமில்லை.

"என்ர கண்ணைப் பார்"

முகத்தைப் பார்ப்பதும் சொல்வதைக் கேட்பதும் ஒரே நேரத்தில் இவர்களில் பலருக்கு முடியாது. பார்க்க வைத்தால் கேட்பது நின்றுவிடும். விட்டுவிடுங்கள்.

சொன்னதையே சொல்லும் பிள்ளை

ஆறு வயதுப் பையன் ஒருவன் கிண்ணியாவிலிருந்து தாயோடு பஸ்ஸில் வருவான். சொந்தமாக ஒரு சொல்லும் கதைக்கமாட்டான். ஆனால் இருந்தாற்போல், கொண்டக்டரின் அதே ராகத்தில், "கிண்ணியா, மூதூர், ஏறுங்கோ ஏறுங்கோ, இடமிருக்கு" என்று கூவுவான். மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்கள். இதை நிறுத்திக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். கூவாமலிருந்தால் ஸ்டிக்கர். இரண்டு மாதத்தில் நிறுத்திவிட்டான். பெருமையாகக் கொப்பியில் வேறு குறித்து வைத்தேன்.

அடுத்த மாதம் கையைக் கடிக்கத் தொடங்கினான். மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பு. ஒருநாள் தாய் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "முந்தி வீட்டுக்கு ஆக்கள் நிறைய வந்தா பஸ் பாட்டுப் பாடுவான் ரீச்சர். நான் வெளியில கூட்டிக்கொண்டு போவன். இப்ப அதுவுமில்ல, கையைத்தான் கடிக்கிறான்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வகுப்பிலும் சத்தம் கூடும்போதெல்லாம்தான் கூவியிருக்கிறான். "இந்த இடத்தை விட்டுப் போவோம்" என்பதற்கு அவனிடம் இருந்த ஒரேயொரு வசனம் அது. அதை நான் ஸ்டிக்கர் கொடுத்து வாங்கிவிட்டேன்.

இன்றைக்கும் நினைத்தால் எரிச்சல் வருகிறது. இது யாருக்கும் தெரியாத இரகசியமாக இருந்தாலாவது மனம் ஆறும். ஓட்டிசம் பற்றி 1943இல் 11 பிள்ளைகளை வைத்து எழுதிய சிறுவர் மனநல மருத்துவர் லியோ கானர், 1946லேயே இவர்களின் பொருந்தாப் பேச்சுக்குப் பின்னால் நடந்த சம்பவம் ஒன்று இருக்கும் என்று காட்டிவிட்டார். ஒரு பையனின் தாய் சிறுவர் பாட்டொன்றைச் சொல்லிக்கொண்டிருந்தபோது சட்டி கைதவறி விழுந்தது. அதிலிருந்து சட்டியைக் கண்டாலே அவன் அந்தப் பாட்டின் சொற்களைத்தான் சொல்வானாம்.

"தண்ணி வேணுமா?" என்பதும் அப்படித்தான். தண்ணீர் கிடைக்கும்போதெல்லாம் அவள் காதில் விழுந்த வசனம் அது. ஆகவே போத்தலைக் கொடுக்கும்போது அவள் சொல்லவேண்டிய விதத்தில் நீங்கள் சொல்லுங்கள்: "தண்ணி தாங்கோ." திருப்பிச் சொல்லு என்று நிற்கவேண்டாம். ஒரு கொப்பியில் எந்த வசனம், எங்கே, அதற்கு முன் என்ன நடந்தது என்று எழுதி வாருங்கள். இரண்டு கிழமை போனால் அகராதி மாதிரி ஒன்று கையில் இருக்கும். சில வசனங்கள் வெறும் சந்தோசத்துக்குச் சொல்பவை. அவற்றையும் நிறுத்தத் தேவையில்லை.

அந்தப் பையனின் கூவல் திரும்பிவர ஐந்து மாதம் ஆனது. சத்தம் கூடியதும் நானே "கிண்ணியா, மூதூர்" என்று கூவி அவனை விறாந்தைக்குக் கூட்டிப் போவேன். என் ராகம் கேட்டு முதல்நாள் காதைப் பொத்தினான். அப்புறம் அவனும் கூவினான். பிறகு ஒருநாள், "போவம்."

தடுப்பூசியால் வந்ததா?

இல்லை. 1998இல் அப்படிக் கிளப்பிவிட்ட கட்டுரையை வெளியிட்ட மருத்துவ இதழே 2010இல் மீளப்பெற்றுவிட்டது.

மானைப் பூட்டி வைத்தல்

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில், கோட்டைக்குள் மேயும் மான்கள் என்றால் ஒரு பிள்ளைக்கு உயிர். "எழுதி முடித்தால்தான் மான்" என்று பேரம் பேசினோம். எழுத்தில் வெறுப்பு வந்ததுதான் மிச்சம். சரி என்று மானையே பாடமாக்கினோம். கொம்புள்ளது எத்தனை, குட்டி எத்தனை என்று எண்ணி எழுதுகிறாள். காது கிழிந்த மானை இரண்டு நாளாகக் காணவில்லை என்று எனக்குச் சொன்னதும் அவள்தான். இருபது வருடமாக அந்த வழியில் போகிறேன், காது கிழிந்த மான் ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது.

"கூட்டத்துக்குப் பழகட்டும்"

திருவிழாவில் மேளத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினால் பழகாது, பயம்தான் கூடும். வெறும் நாளில் விடியக்காலை கூட்டிப் போங்கள். செருப்புக் கழற்றும் இடம், மணியடிக்கும் நேரம் எல்லாவற்றையும் முதல்நாளே படமாகக் காட்டுங்கள். அப்படியும் காதைப் பொத்திக்கொண்டு தரையில் படுத்துவிட்டால் அது அடம் இல்லை, தாங்க முடியாமல் போய்விட்டது. புத்தி சொல்வதை நிறுத்திவிட்டு, சுற்றி நிற்கும் ஆட்களை நகர்த்துங்கள். கண்ணூறு என்று திருநீற்றோடு ஓடிவரும் மாமிமாரையும் சேர்த்துத்தான்.