நூற்புழுவுக்குப் புதுப் பெயர் வைக்கும் முன்

சீனாவில் ஒரு மரத்தின் வேரில் கிடைத்த வேர்முடிச்சு நூற்புழுவுக்கு (வேரில் புகுந்து முடிச்சு உண்டாக்கும் நுண்புழு) 1983இல் மெலாய்டோகைன் என்டெரோலோபி என்று பெயர் வைத்தார்கள். 1988இல் போர்ட்டோ ரிக்கோவில் கத்தரி வேரிலிருந்து எடுத்த புழு மெலாய்டோகைன் மாயாகுவென்சிஸ் ஆனது. பிறகு ஒப்பிட்டால் இரண்டும் ஒரே புழு! முந்திய பெயர்தான் நிலைத்தது. பழைய விவரிப்புகளைத் தேடிப் படிக்காமல் புதிய இனம் என்று அறிவிப்பது இதே வழியில்தான் போய் முடியும்.

இந்தப் புழுவிடம் எதிர்ப்பக்கத் தவறும் நடந்திருக்கிறது. பெண் புழுவின் பின்முனையில் கைரேகை போல வரிகள் இருக்கும். அவை மெலாய்டோகைன் இன்காக்னிட்டாவின் வரிகளைப் போலவே இருப்பதால் பலர் அதுதான் என்று எழுதிவிட்டார்கள். பெயர் மாறினால் என்ன என்று கேட்கலாம். இன்காக்னிட்டாவைத் தாங்கும் தக்காளி ரகங்கள் இதனிடம் தோற்றுவிடுகின்றன. தமிழ்நாட்டுக் கொய்யாத் தோப்புகளையும் இது விட்டுவைக்கவில்லை.

வாயைப் பார்த்து முடிவெடுப்பதும் ஆபத்து. ரீயூனியன் தீவில் அத்திக்காய்களுக்குள் வாழும் பிரிஸ்டியோன்கஸ் புழுக்களுக்கு ஐந்து விதமான வாய். பார்த்தால் ஐந்தும் வேறு வேறு இனம் என்றே தோன்றும். டிஎன்ஏவோ ஒரே இனம் என்றது. சினோராப்டைடிஸ் எலிகன்ஸும் பிரிக்சேவும் நேர்மாறு: நுண்ணோக்கியில் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும், ஆனால் வேறு வேறு இனம். அதனால்தான் 2014இல் சினோராப்டைடிஸ் பேரினத்தில் ஒரே கட்டுரையில் 15 இனங்களுக்குப் பெயர் வைத்தவர்கள் இணைசேர்த்துப் பார்க்கும் சோதனையையும் டிஎன்ஏ வரிசையையும் நம்பினார்கள்.

சரி, டிஎன்ஏ மட்டும் போதுமா? இனம் கண்டறியப் பார்க்கும் 18எஸ் மரபணு மிக மெதுவாக மாறுவது. நெருங்கிய இனங்களில் அது அப்படியே ஒன்றாக இருக்கலாம். அதைவிட வேகமாக மாறும் ஐடிஎஸ், 28எஸ் என்ற டிஎன்ஏ பகுதிகளையும் பாருங்கள். பொதுத் தரவுத்தளத்தில் ஒட்டியிருக்கும் பெயரையும் அப்படியே நம்ப வேண்டாம், தவறான பெயரோடு ஏற்றப்பட்ட வரிசைகளும் அங்கே உண்டு. இன்னொன்று, டிஎன்ஏ எடுத்தால் புழு கரைந்துபோகும். அதற்கு முன்பே படமெடுத்து அளந்துவிடுங்கள்.

அளவிலும் கோட்டை விடுவார்கள். கண்ணாடி மூடி அழுத்தினால் புழு தட்டையாகி அகலம் கூடும். நீளத்தை அகலத்தால் வகுக்கும் விகிதம் அங்கேயே கெட்டுவிடும். இரண்டே புழுக்களை அளந்து இனத்தின் எல்லை இதுதான் என்று எழுதுவது அதைவிட மோசம்.

அப்புறம், புதிய பெயருக்கு ஆதாரமான புழுவை, அதாவது மூல மாதிரியை, உங்கள் அலமாரியில் பூட்டி வைக்காமல் அருங்காட்சியகத்தில் கொடுங்கள். அடுத்து ஒப்பிட வருபவருக்கு அந்தப் புழு பதிந்த கண்ணாடிச் சில்லு வேண்டும்.