குதிரை மேல் இருந்து பலூன் சுடும் போட்டிக்கு முதல்முறை போகிறவர்களுக்கு

காட்பாடியில் எங்கள் எதிர்வீட்டு அக்கா ஜனவரியில் அரிசோனாவுக்கு மகள் வீட்டுக்குப் போகிறார். மாப்பிள்ளை ஏதோ போட்டிக்குக் கூட்டிப்போகப் போகிறாராம். "குதிரையில ஓடிக்கிட்டே சுடுவாங்களாமே தம்பி, எனக்கு இப்பவே படபடங்குது, நான் பேசாம வீட்டிலயே இருந்துக்கட்டுமா?" என்று கேட்டார். போன வருஷம் மகன் வீட்டில் இருந்தபோது அதே பக்கம் இரண்டு போட்டி பார்த்தேன். 1990-களின் தொடக்கத்தில் இந்த விளையாட்டு ஆரம்பித்ததே அரிசோனாவில்தான், அதனால் அங்கே போகிற நம் ஊர்க்காரர்கள் கண்ணில் என்றைக்காவது படத்தான் செய்யும். அக்காவிடம் சொன்னதையே இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில் பயம். அந்த ரிவால்வரில் குண்டு கிடையாது. பாயின்ட் 45 தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் கருமருந்து மட்டும் அடைத்திருப்பார்கள். சுட்டதும் தீப்பொறியாகச் சிதறுகிற அந்த மருந்துதான் பலூனை உடைக்கிறது, பத்துப் பதினைந்து அடிக்குமேல் அதற்கு வலு இல்லை. தோட்டாவைப் போடுவதும் களத்துக்குள் நுழைகிற வாசலில்தான், வெளியே வந்தவுடன் கழற்றிவிடுவார்கள். அதற்காகக் கிட்டே போய் நிற்கலாம் என்று அர்த்தமில்லை, தீப்பொறி தீப்பொறிதான். சத்தம் தீபாவளி லட்சுமி வெடி மாதிரி இருக்கும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், அங்கே குதிரைக்கே காதை அடைத்துத்தான் கூட்டிவருகிறார்கள், நமக்கென்ன வெட்கம்.

சரி, ஆட்டம். நம் பக்கம் மாடு விடும் விழா பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்த மாதிரிதான். இரண்டு பக்கமும் கூட்டம், நடுவில் காளை ஓடும், யார் குறைந்த நொடியில் எல்லையைத் தொட்டது என்பதுதான் கணக்கு, கண்ணைச் சிமிட்டினால் முடிந்துவிடும். இங்கேயும் அப்படித்தான், ஒருவர் போய்வந்த பிறகு அடுத்தவர், எல்லாம் நொடிக்கணக்கு. ஒருவருக்குப் பத்துப் பலூன், இரண்டு ரிவால்வர், ஒவ்வொன்றிலும் ஐந்து தோட்டா. முதல் ஐந்து பலூனைக் களத்தில் அங்கங்கே கம்பத்தில் கட்டியிருப்பார்கள், எந்த வரிசையில் சுட வேண்டும் என்பது ஒவ்வொரு சுற்றுக்கும் மாறும், அதை ஓடுவதற்கு முன்பே பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் குதிரை ஏன் இப்படிக் குறுக்கும் நெடுக்கும் ஓடுகிறது என்று விழித்துக்கொண்டு இருப்பீர்கள். ஐந்து முடிந்ததும் அந்தத் துப்பாக்கியை உறையில் செருகி, அடுத்ததை உருவி, களத்தின் கோடியில் இருக்கும் பேரலை, அதாவது பீப்பாயை, சுற்றித் திரும்பி, நேர்வரிசையாக இருக்கும் மீதி ஐந்தையும் சுட்டுக்கொண்டே எல்லைக்குப் பறக்க வேண்டும். இந்தக் கடைசி ஓட்டத்துக்கு ரன்டவுன் என்று பெயர்.

நீங்கள் உட்கார வேண்டியது அந்தக் கோடிப் பேரல் தெரிகிற இடத்தில். எல்லோரும் எல்லைக்கோட்டுப் பக்கம் முண்டியடிப்பார்கள், நானும் முதல் நாள் அங்கேதான் போனை நீட்டிக்கொண்டு நின்றேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் வெறும் புழுதியும் ஒரு குதிரை வாலும். மறுமுறை பேரல் பக்கம் உட்கார்ந்தபோதுதான் விஷயமே பிடிபட்டது. ஒரு கையில் கடிவாளம். இன்னொரு கை துப்பாக்கியைச் செருகுகிறது, கண் பார்க்காமலே அடுத்ததை உருவுகிறது, கட்டைவிரல் அதன் பின்பக்க ஹாமரை இழுக்கிறது (ஒவ்வொரு வெடிக்கும் தனித்தனியாக இழுத்தாக வேண்டும், விசையை மட்டும் அழுத்தினால் வெடிக்காது), இவ்வளவும் நடக்கும்போது குதிரை பாட்டுக்குப் பின்னங்காலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து திரும்பிவிடுகிறது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் முன்னங்காலைத் தூக்கி நிற்கிற குதிரைகளை நினைத்துக்கொண்டு போயிருந்தேன். இங்கே நல்ல குதிரை அந்த மாதிரி வித்தையெல்லாம் காட்டுவதில்லை, தலைக்குப் பக்கத்தில் வெடி வெடித்தாலும் வேலையைப் பார்க்கிறது.

அப்புறம் கணக்கு. ஒரு பலூன் தப்பினால் 5 நொடி கூட்டுவார்கள். துப்பாக்கியைக் கீழே போட்டாலும், பேரலைச் சாய்த்தாலும் அதே 5. பாதை மாறி ஓடினால் 10. குதிரையிலிருந்து விழுந்தால் 60, கதை முடிந்தது. நான் பார்த்த அன்று ஒரு இளவட்டம் 13 நொடியில் புயல் மாதிரி வந்தான், கூட்டம் எழுந்து நின்று கத்தியது, ஆனால் இரண்டு பலூன் ஆடிக்கொண்டு அப்படியே இருந்தது, ஆக 23. அடுத்து நரைமுடிப் பின்னலோடு ஒரு அம்மா, அவசரமே இல்லாமல் வந்தமாதிரி இருந்தது, பத்தும் உடைந்தது, 17 நொடி. அதனால் கைதட்டும் முன் கம்பங்களை ஒரு தடவை எண்ணிவிடுங்கள். இன்னொன்று, ஆண்கள், பெண்கள், மூத்தவர்கள் என்று பிரிவு தனித்தனி, திறமையைப் பொறுத்து ஒவ்வொன்றிலும் படிகள் வேறு உண்டு, ஆகவே பரிசு வாங்குகிறவர் ஏகப்பட்ட பேர், யார் ஜெயித்தது என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சின்னப் பிள்ளைகளும் குதிரையில் வருவார்கள், கையில் நம்ம பொட்டுவெடித் துப்பாக்கி. அதைத் தவறவிடாதீர்கள்.

சாப்பாடு அங்கே பர்கர் வகையறாதான், புளிசாதம் கட்டிக்கொண்டு போவது உத்தமம். புழுதிக்கு ஒரு கைக்குட்டை. குதிரையைத் தொட ஆசையாக இருந்தால் சொந்தக்காரரைக் கேளுங்கள், பின்பக்கமாக மட்டும் போகவே போகாதீர்கள்.

முக்கியமாக, வேலூர் வெயிலில் பழகிய கை தன்னால் குடையை விரிக்கும். விரிக்காதீர்கள். வெடிச்சத்தத்துக்குப் பழக்கிய குதிரைகூடத் திடீரென்று விரிகிற குடைக்கு மிரளலாம். துண்டைச் சுழற்றுவது, வேலி ஓரம் பிளாஸ்டிக் கவரைப் பறக்கவிடுவது, இதெல்லாமும் கூடாது. தொப்பி போதும்.

அக்கா இவ்வளவையும் கேட்டுவிட்டு, "முந்தானை பறந்தா?" என்றார். நன்றாக இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள் என்றேன். அன்றைக்கு ஒரு நாள் சுடிதாரே போட்டுக்கொள்கிறாராம்.