ஜெல்லிஃபின் டிரான்ஸ்கோடிங்கை ரேமுக்கு மாற்றுங்கள்

ஜெல்லிஃபின், உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள படங்களை டிவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள்; டிவிக்கு ஏற்ற வடிவத்துக்கு அது படத்தை மாற்றுவதுதான் டிரான்ஸ்கோடிங். அதன் செட்டிங்ஸில் டிரான்ஸ்கோட் ஃபோல்டரை ரேம் டிஸ்க்குக்கு (டிஸ்க் போலப் பயன்படும் ரேமின் ஒரு பகுதிக்கு) மாற்றிவிடுங்கள். லினக்ஸில் தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். 'டெவ்' ஃபோல்டருக்குள் 'எஸ்எச்எம்' (/dev/shm) என்று ஒன்று, ரேமில் பாதி அளவு வரை இடத்தோடு, பெரும்பாலும் தயாராகவே இருக்கும். (ஜெல்லிஃபினை டாக்கர் என்ற கன்டெய்னர் மென்பொருளில் ஓட்டினால் அது வெறும் 64 எம்பிதான், கூட்டிக்கொள்ளுங்கள்.)

அந்த ஃபோல்டரில் சேர்பவை, படம் ஓடும்போது எழுதி, படித்து, தூக்கியெறியும் தற்காலிகத் துண்டுகள்தான். ரேமில் இருந்தால் எஸ்எஸ்டி தேயாது. பழைய ஹார்ட் டிஸ்க் என்றால் திணறலும் குறையும். ஆனால் 8 எம்பிபிஎஸ்ஸில் (நொடிக்கு 8 மெகாபிட்) 2 மணி நேரப் படம் 7 ஜிபியைத் தாண்டும். பழைய துண்டுகளை அழிக்கும் ஆப்ஷனை ஆன் செய்யாவிட்டால் இடம் நிறைந்து படம் பாதியில் நிற்கலாம்.

டிரான்ஸ்கோடிங் இல்லாமல் ஃபைலை டிவி அப்படியே ஓட்டினால் இதனால் பயனில்லை. பிராசஸர் மந்தமென்றாலும் இது கைகொடுக்காது. 4 ஜிபி ரேமில் வேண்டவே வேண்டாம்.