வலி வர மருந்து வைக்கும் முன்: கணிப்பில் நேரும் தவறுகள்

நிறைமாதத்தில் வலி வர மருந்து வைக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் குடும்பமே கேட்பது, "சுகப்பிரசவம் ஆகுமா?" என்றுதான். பலரும் விடை தேடுவது பிஷப் மதிப்பெண்ணில். கருப்பை வாயின் திறப்பு, மெலிவு, மென்மை, அது நோக்கியிருக்கும் திசை, குழந்தையின் தலை இறங்கியிருக்கும் அளவு ஆகிய ஐந்தையும் விரலால் பரிசோதித்து 13க்குப் போடும் மதிப்பெண் அது. 8 அல்லது அதற்கு மேல் சாதகம். 6 அல்லது அதற்குக் கீழ் என்றால் கருப்பை வாய் இன்னும் பக்குவப்படவில்லை.

இந்த எண்ணைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது முதல் தவறு. மதிப்பெண் குறைந்தால் சிசேரியன்தான் என்று பொருளல்ல. வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்தை ஏற்றும் முன் புரோஸ்டாகிளாண்டின் மருந்தாலோ பலூன் குழாயாலோ கருப்பை வாயைப் பக்குவப்படுத்த வேண்டும், அவ்வளவுதான். 1964இல் எட்வர்ட் பிஷப் இம்முறையை வகுத்தது ஏற்கெனவே பிரசவித்த பெண்களுக்காக. தலைப்பிரசவத்தில் அதையே முழுதாக நம்பக் கூடாது. முன்பு சுகப்பிரசவம் ஆனவருக்கோ மதிப்பெண் குறைவாக இருந்தாலும் வாய்ப்பு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தாயின் எடை, உயரம், வயது, குழந்தையின் எடை எல்லாம் கணக்கில் வர வேண்டியவை. ஸ்கேனில் அளக்கும் கருப்பை வாயின் நீளமும் தனியாக முடிவு சொல்லிவிடாது.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது அவசரம். மருந்து வைத்த மறுநாளும் கருப்பை வாயின் திறப்பு 3 சென்டிமீட்டரிலேயே நிற்கிறது என்றால் பலர் தோல்வி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வலியின் தொடக்கக் கட்டம் 24 மணி நேரமோ அதற்கு மேலோ நீளலாம். வேகம் பிடிப்பது பெரும்பாலும் 6 சென்டிமீட்டருக்குப் பிறகுதான். தாயும் குழந்தையும் நலமாக இருந்தால், பனிக்குடம் உடைந்தபின் ஆக்ஸிடோசினைக் குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் கொடுத்துப் பார்த்த பிறகே தோல்வி என்று சொல்லலாம். குழந்தையின் இதயத்துடிப்பு தடுமாறினால் இந்தக் கணக்கு பொருந்தாது. அப்போது காத்திருக்கவே கூடாது.

மருந்து வைத்தவரைத் தானாக வலி வந்தவரோடு ஒப்பிடுவதும் பிழை. இன்று மருந்து வைப்பதா, இன்னும் காத்திருப்பதா என்பதே நம் முன் இருக்கும் கேள்வி. அமெரிக்காவில் சிக்கலற்ற தலைப்பிரசவப் பெண்கள் 6,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2018இல் வெளியான அரைவ் ஆய்வில், 39ஆம் வாரத்தில் மருந்து வைத்தவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன் ஆனது.

முன்பு சிசேரியன் ஆகியிருந்தால் அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லுங்கள். பழைய தையல் பிரியும் அபாயம் இருப்பதால் நிறைமாதத்தில் அவர்களுக்கு மிசோப்ரோஸ்டால் என்ற வலி தூண்டும் மருந்து தவிர்க்கப்படுகிறது.