கம்பைலர் கண்டுகொள்ளாத இன்ஹெரிட்டன்ஸ் தவறுகள்

செமிகோலன் விட்டுப்போனால் கம்பைலரே கத்தும், அதை விட்டுவிடலாம். இன்ஹெரிட்டன்ஸில் (தாய் கிளாஸில் உள்ளதைச் சேய் கிளாஸ் பெறுவதில்) தொல்லை தருபவை வேறு ரகம்: கம்பைல் ஆகும், ஓடும், விடை மட்டும் தப்பாக வரும். புதியவர்களின் கோடில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுபவை இவை.

கன்ஸ்ட்ரக்டருக்குள் ஓவர்ரைடு ஆகக்கூடிய மெத்தடை அழைப்பது

எரிச்சலில் முதலிடம் இதற்குத்தான். 'அறிக்கை' என்றொரு தாய் கிளாஸ். அதன் கன்ஸ்ட்ரக்டர் (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) 'தயார்செய்' மெத்தடை அழைக்கிறது. சேய் கிளாஸ் 'மாதஅறிக்கை'. அதில் 'மாதம்' என்ற ஃபீல்டு, தொடக்க மதிப்பு 1. சேய் 'தயார்செய்'யை ஓவர்ரைடு செய்து, அதாவது அதே மெத்தடைத் தன் பாணியில் மாற்றி எழுதி, மாதத்தை 7 ஆக்குகிறது. ஜாவாவில் ஆப்ஜெக்டை உருவாக்கிப் பார்த்தால் மாதம் 1! மெத்தடுக்குள் பிரின்ட் போட்டாலோ 7 என்றே காட்டும். உடனே த்ரெட் மேல் சந்தேகம், கேஷ் மேல் சந்தேகம் என்று ஒரு நாள் முழுக்க வேறெங்கோ தோண்டுவார்கள்.

நடப்பது இதுதான். நியூ என்றதும் எல்லா ஃபீல்டும் 0, நல், ஃபால்ஸ் என்று வெறுமையாக நிற்கும். முதலில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் ஓடும். மெத்தட் தேடல் ஆப்ஜெக்டின் உண்மையான கிளாஸிலிருந்து தொடங்குவதால் சேயின் 'தயார்செய்' அகப்பட்டு 7 எழுதப்படும். தாய் முடிந்த பிறகுதான் சேயின் தொடக்க மதிப்புகள் ஏறும். 7-ன் மேல் 1 விழும். ஃபீல்டு ஒரு லிஸ்டாக இருந்து, மெத்தட் அதில் எதையாவது சேர்க்கப் போனால் நல் பாயின்டர் எக்செப்ஷன் காட்டிக்கொடுத்துவிடும். எண்ணாக இருந்தால் சத்தமே வராது.

சி ஷார்ப்பில் சேயின் ஃபீல்டு மதிப்புகள் தாயின் கன்ஸ்ட்ரக்டருக்கு முன்பே ஏறிவிடும், 7 தங்கும். ஆனால் சேயின் கன்ஸ்ட்ரக்டர் உடலில் தரும் மதிப்புகள் அப்போது இருக்காது. சி பிளஸ் பிளஸில் தாயின் கன்ஸ்ட்ரக்டர் முடியும்வரை ஆப்ஜெக்ட் தாய் கிளாஸாகவே நடத்தப்படும்; சேயின் மெத்தட் எட்டிக்கூடப் பார்க்காது.

கன்ஸ்ட்ரக்டர் அழைக்கும் மெத்தட் பிரைவேட்டாகவோ ஃபைனலாகவோ இருக்கட்டும். (அதற்குள்ளிருந்து ஓவர்ரைடு ஆகும் இன்னொரு மெத்தடை அழைத்தால் ஓட்டை அப்படியே இருக்கும்.) சேய் தரவேண்டிய மதிப்பை சூப்பர் (தாயின் கன்ஸ்ட்ரக்டரை அழைக்கும் சொல்) வழியாக ஆர்கியுமென்டாக வாங்குங்கள். ஓவர்ரைடு கட்டாயம் வேண்டுமென்றால், ஆப்ஜெக்டை முழுதாகக் கட்டி முடித்த பின் 'தயார்செய்'யை அழைத்துத் தரும் ஒரு ஸ்டேட்டிக் மெத்தட் எழுதுங்கள். ஃபீல்டின் '= 1'-ஐ நீக்கினாலும் 7 நிற்கும்தான். அதை நம்பாதீர்கள், யாராவது ஒருவர் நல்லெண்ணத்தோடு திரும்பச் சேர்த்துவிடுவார்.

சூப்பர் என்றால் தாய் என்று நினைப்பது

பைத்தானில் சூப்பர் போவது எம்.ஆர்.ஓ. வரிசையில் (மெத்தடை எந்தெந்த கிளாஸில் தேடுவது என்ற வரிசை) அடுத்த கிளாஸுக்கு. 'ஆ', 'இ' இரண்டும் 'அ'விலிருந்து வருகின்றன. 'உ' அவ்விரண்டிலிருந்தும் வருகிறது. 'உ'வின் வரிசை: உ, ஆ, இ, அ. 2003-ல் வந்த பைத்தான் 2.3 முதல் இதைக் கணக்கிடுவது சி3 முறை. எனவே 'ஆ'வில் எழுதிய சூப்பர் 'இ'க்குப் போகும். 'ஆ'வில் சூப்பருக்குப் பதில் 'அ'வைப் பெயர் சொல்லி அழைத்தால் 'இ'யின் இனிட் (பைத்தானில் ஆப்ஜெக்டின் தொடக்க மதிப்புகளை அமைக்கும் மெத்தட்) ஓடாமலே போய்விடும்.

ஈக்வல்ஸை ஓவர்லோடு செய்வது

ஜாவாவில் ஈக்வல்ஸ் (இரண்டு ஆப்ஜெக்ட் சமமா என்று பார்க்கும் மெத்தட்) எழுதும்போது ஆர்கியுமென்டின் டைப்பை ஆப்ஜெக்ட் என்று தராமல் சொந்த கிளாஸின் பெயரைத் தந்தால் அது ஓவர்ரைடு அல்ல, புதிதாக இரண்டாவது மெத்தட். லிஸ்டின் கன்டெயின்ஸ் பழையதையே அழைக்கும். ஓவர்ரைடு அனோட்டேஷன் போட்டிருந்தால் கம்பைலரே மறித்திருக்கும்.

ஃபீல்டையும் ஸ்டேட்டிக் மெத்தடையும் ஓவர்ரைடு செய்வது

ஜாவாவில் முடியாது. வேரியபிளின் டைப் எதுவோ, அந்த கிளாஸில் இருப்பதே கிடைக்கும்.

பைத்தான் கிளாஸ் உடலில் காலி லிஸ்ட்

எல்லா ஆப்ஜெக்டுக்கும், சேய்களையும் சேர்த்து, ஒரே லிஸ்ட். இனிட்டுக்குள் வையுங்கள்.