பெருசுக்குப் பாதி, சிறுசுக்குப் பாதி: புளியங்கொட்டைப் போக்கர்

ரம்மியில் ஒருத்தர் டிக் அடித்துவிட்டால் மற்றவர்கள் பாயிண்டை எண்ண வேண்டியதுதான். ஏழு சீட்டு ஸ்டட் போக்கரின் இந்த வகையில் நடுவில் சேர்ந்ததை இரண்டாகப் பிரிப்போம். ஒசத்தியான கைக்குப் பாதி, தாழ்ந்த கைக்குப் பாதி. எங்கள் வீட்டில் பெருசு, சிறுசு என்போம். மதுரைச் சித்திரைத் திருவிழாவுக்கு வரும் சொந்தமெல்லாம், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்த்துவிட்டு, அழகர் ஆற்றில் இறங்கும்வரை கண் அசராமல் இருக்க, தல்லாகுளத்து மொட்டை மாடியில் ஆடுவது இதைத்தான். காசு கிடையாது, ஆளுக்கு 100 புளியங்கொட்டை. காசு வந்தால் மாமன் மச்சான் பேச்சுவார்த்தை நின்றுபோகும். செல்போனில் பணம் கட்டி ஆடுவதற்கு 2025-ல் மத்திய அரசே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது.

ஜோக்கரை எடுத்துவிட்டு 52 சீட்டு. ஏழு பேர்வரை ஆடலாம். எட்டுப் பேர் உட்கார்ந்து ஒருத்தரும் ஸ்கூட் விடாவிட்டால், அதாவது சீட்டைக் கவிழ்த்து விலகாவிட்டால், 56 சீட்டு வேண்டும். அப்போது கடைசிச் சீட்டை ஆளுக்கொன்று போடாமல், ஒன்றை மட்டும் நடுவில் எல்லாருக்கும் பொதுவாகத் திறப்பார்கள்.

முதலில் எல்லாரும் ஒரு கொட்டை வைக்க வேண்டும். ஆளுக்கு இரண்டு சீட்டு மூடி, ஒன்று திறந்து. திறந்ததில் சின்னச் சீட்டு யாருக்கோ அவர் கட்டாயமாக ஒரு கொட்டை போட்டு முதல் சுற்றைத் தொடங்குவார். இந்த இடத்தில் ஏஸ் பெரிய சீட்டு. இருவருக்கு ஒரே எண் என்றால் கிளாவர், டைமன், ஆட்டின், ஸ்பேடு என்ற ஏறுவரிசையில் தாழ்ந்தது யாரிடமோ அவர் போட வேண்டும்; கிளாவர்தான் எல்லாவற்றிலும் தாழ்ந்தது. அப்புறம் நான்காவது, ஐந்தாவது, ஆறாவது சீட்டு திறந்து வரும்; ஏழாவது மூடி வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்றுப் பந்தயம். நான்காவதிலிருந்து, திறந்த சீட்டில் யார் கை ஒசத்தியோ அவர்தான் முதலில் பேசுவார். முதல் இரண்டு சுற்றுக்கு இரண்டிரண்டு கொட்டை, ஐந்தாவது சீட்டிலிருந்து நான்கு நான்கு.

பெருசுக்கு ஏழில் சிறந்த ஐந்து. மூணு சீட்டு ஆடிப் பழகியவர்கள் இங்கேதான் சறுக்குவார்கள். அங்கே மூன்றும் ஒரே எண் என்றால் அதற்கு மிஞ்சியது இல்லை. இங்கே அது, ஐந்து எண்ணும் வரிசையாக வரும் ரன்னுக்கும் கீழே. ரன்னைக் கலர் அடிக்கும்; கலர் என்றால் ஐந்தும் ஸ்பேடு, ஐந்தும் ஆட்டின் என்பதுபோல ஒரே இனம். கலருக்கு மேலே மூன்றும் ஜோடியும் சேர்ந்த ஃபுல் ஹவுஸ், அதற்கு மேலே நான்கு ஒரே எண், எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கலரில் ரன். மூன்று ஒரே எண்ணுக்குக் கீழே இரண்டு ஜோடி, ஒரு ஜோடி.

சிறுசுக்கு ஒரு நிபந்தனை உண்டு. எட்டும் அதற்குக் கீழுமாக, ஒன்றுக்கொன்று வேறான ஐந்து சீட்டு இருக்க வேண்டும். ஏஸ் இங்கே ஒன்று. ரன்னோ கலரோ குறுக்கே வராது. அதனால் ஏஸ், 2, 3, 4, 5 சிறுசில் முதலிடம், பெருசில் ரன். பெருசுக்கு எடுத்த சீட்டையே சிறுசுக்கும் எடுக்கலாம், வேறு ஐந்தையும் எடுக்கலாம். யாருக்கும் சிறுசு அமையாவிட்டால் மொத்தமும் பெருசுக்கே.

சிறுசை மேலிருந்துதான் ஒப்பிட வேண்டும். போன வருஷம் மச்சான் 8, 5, 4, 3, 2 வைத்துக்கொண்டு கொட்டையை வாரக் கை நீட்டினார். அத்தை நிதானமாக 7, 6, 4, 2, ஏஸ் என்று ஒவ்வொன்றாக விரித்தார். எட்டை ஏழு அடித்தது. அதற்கப்புறம் இருப்பது எவ்வளவு பொடியாக இருந்தாலும் கணக்கில்லை. மச்சான் விடியும்வரை முனகிக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தின் சூட்சுமம், பாதிக்கு ஆசைப்படக் கூடாது என்பதுதான். சிறுசு மட்டும் கையில் இருந்தால் என்ன ஆகும் பாருங்கள். ஆறு பேர் ஆட்டம். கடைசிவரை நின்ற மூன்று பேர் ஆளுக்கு 13 போட்டிருக்கிறார்கள், ஸ்கூட் விட்ட மூவருடையது 5, மொத்தம் 44. பெருசுக்கு 22 போய்விட்டது. உங்களுக்கும் இன்னொருவருக்கும் அச்சாக ஒரே சிறுசு, ஆளுக்கு 11. ஜெயித்தும் இரண்டு கொட்டை நஷ்டம்! அதனால் முதல் மூன்று சீட்டிலேயே இரண்டு பக்கமும் போகும் வழி இருக்கிறதா என்று பாருங்கள். ஏஸோடு இரண்டு சின்னச் சீட்டு, அதிலும் மூன்றும் ஒரே கலர் என்றால் தாராளமாக நில்லுங்கள். பத்து ஜோடியைப் பார்த்து மயங்க வேண்டாம். சிறுசுக்கு உதவாது, பெருசிலும் ராஜா ஜோடி வந்தால் அடிபடும்.

எதிராளியின் திறந்த நான்கு சீட்டையும் பாருங்கள். மூடியிருப்பது மூன்றுதான். எனவே திறந்ததில் எட்டுக்குள் வேறுவேறான இரண்டு சீட்டாவது இல்லாவிட்டால் அவருக்குச் சிறுசு அமையவே முடியாது. அவர் எவ்வளவு முறைத்தாலும் பெருசுக்குத்தான் நிற்கிறார். ஸ்கூட் விட்டவர்கள் கவிழ்க்கும் சீட்டையும் நினைவில் வையுங்கள். உங்களுக்கு ஒரு மூன்று வேண்டும், மூன்று மூன்றுகள் ஏற்கெனவே வெளியே வந்துவிட்டன என்றால் மிச்சம் ஒன்றுதான். எங்கள் அத்தை இதை வெற்றிலை போட்டுக்கொண்டே செய்வார்.

வாயால் சொன்னது செல்லாது, விரித்த சீட்டுதான் பேசும். பாதியாகப் பிரிக்கும்போது ஒற்றைக் கொட்டை மிஞ்சினால் அது பெருசுக்குப் போகும்.